நிலாணி கேட்ட கால்மணி நேரம்

நிலாணிக்கு விருந்து வைக்கத் தெரியும். அதுதான் அவளுக்கு வந்த வினை.

அவள் எனக்குச் சித்தி மகள். இங்கே கனடாவில், மல்வேர்னில் நாங்கள் இருக்கிற அதே டவுன்ஹவுஸ் வரிசையில்தான் அவளும் இருக்கிறாள். கொழும்பில் கட்டடங்களுக்கு வரைபடம் கீறிக்கொண்டிருந்தவள். அவள் கீறிக் கொடுத்த ஒரு ஆஸ்பத்திரியில் இப்போதும் ஆட்கள் படுத்தெழும்புகிறார்கள். இங்கே வந்த நாள்முதல் ஒரு வெயார்ஹவுசில் பின்னேர ஷிப்ற். பெட்டி ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. திரும்பவும் படம் கீறவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. எத்தனையோ கம்பனிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். கனடாவில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் பிறகு சத்தமே இராது. "இப்பிடியே விட்டா கை மறந்திடும் அக்கா," என்பாள். அதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்காது.

நூலகத்தில் வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். விண்ணப்பத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரை நேரே சந்தித்துக் கதையுங்கள், நேரம் கேட்டு முதலில் ஒரு மெசேஜ் எழுதுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். நிலாணிக்குத் தெரிந்தவர் என்றால் அகஸ்ரின் அண்ணை ஒருவர்தான். அவளுடைய தமையனோடு படித்தவர். பக்கத்து மார்க்கம் நகரில் கட்டடப் படம் கீறுகிற ஒஃபிஸ் ஒன்றில் மனேச்சர். அவருக்கென்று எழுதிய முதல் மெசேஜை எனக்குக் காட்டினாள். அம்மாவுக்கு முழங்கால் நோ எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், தங்கச்சிக்குச் சுகமாய்ப் பிள்ளை பிறந்ததோ என்று போனை உருட்ட உருட்ட வந்துகொண்டேயிருந்தது. வகுப்பு எடுத்த மனுசி முழுவதையும் பொறுமையாய் வாசித்துவிட்டு, "இவரிடம் உனக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டாளாம். அதை மட்டும் எழுத மறந்துபோயிருந்தாள்.

பிறகு அழித்தழித்து எழுதினாள். நான் இன்னாருடைய தங்கச்சி, அங்கே இந்த வேலை செய்தேன், இங்கே திரும்பவும் இந்தத் தொழிலுக்குள் வர உங்களிடம் வழி கேட்க விரும்புகிறேன், உங்கள் ஒஃபிசுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் ஒரு கால்மணி நேரம் தரமுடியுமா, வசதிப்படாவிட்டாலும் பரவாயில்லை. அவ்வளவுதான். வாசித்தபோது நானே அவளுக்கு ஒரு வேலை கொடுத்துவிடலாம்போல் இருந்தது. அன்றைக்கே பதில் வந்தது. "ஓம் தங்கச்சி, வியாழக்கிழமை வாரும்."

அதோடு விட்டிருக்கலாமே! எங்கள் சனம் விடுமா? அவள் புருஷன் சச்சிதானந்தன் துள்ளினான். "கோப்பிக் கடையிலையோ? உம்மடை அண்ணற்றை சிநேகிதனைக் கடையிலை வைச்சுக் கதைச்சு அனுப்புறதோ? நாளைக்கு ஆக்கள் என்ன சொல்லுவினம்? வீட்டை கூப்பிடும், குடும்பத்தோடை வரட்டும்."

நிலாணிக்கும் அதுதான் மரியாதை என்று பட்டது. அண்ணை, கடை வேண்டாம், சனிக்கிழமை வீட்டுக்கு வாங்கோ என்று எழுதினாள். அவரும் சந்தோசமாய்ச் சம்மதித்தார்.

சனிக்கிழமை நானும் உதவிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். இடியப்பம், சொதி, நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், வட்டிலப்பம். மனுசன் நண்டுக்காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே படித்த காலத்துப் பகிடியெல்லாம் சொன்னார். அவர் மனைவி வட்டிலப்பத்துக்குப் பக்குவம் கேட்டாள். சச்சி அஜக்ஸ் பக்கத்தில் வீட்டு விலை எப்படிப் போகிறது என்று தொடங்கி, அதிலேயே நின்றான். வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தண்ணி எடுக்கிற சாட்டில் நிலாணியைக் குசினிக்குள் இழுத்தேன்.

"எப்பவடி கேக்கப் போறாய்?"

"சாப்பாட்டைப் போட்டிட்டு எப்பிடியக்கா கேக்கிறது? அதுக்குத்தான் கூப்பிட்டதெண்டு நினைக்கமாட்டாரோ?"

"அதுக்குத்தானேடி கூப்பிட்டது!"

கண் கலங்கிவிட்டாள். நான் தண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

போகும்போது அகஸ்ரின் அண்ணை சப்பாத்தைக் காலில் கொழுவிக்கொண்டு வாசலில் நின்றார். அவராகவேதான் கேட்டார். "ஏதோ கதைக்கவேணும் எண்டு எழுதியிருந்தீர். என்ன தங்கச்சி விசயம்?"

நிலாணி சிரித்தாள். "ஒண்டுமில்லை அண்ணை. கண்டு கனகாலம், அதுதான்." சொல்லிக்கொண்டே மிச்ச நண்டுக்கறியைப் பெட்டியில் போட்டு அவர் மனைவியின் கையில் வைத்தாள்.

அடுத்த கோடையில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அகஸ்ரின் அண்ணையைக் கண்டேன். "நிலாணிக்கு வேலை ஏதும் சரிவந்துதோ?" என்று கேட்டார். இல்லை, இன்னும் பெட்டிதான் ஒட்டுகிறாள் என்றேன். மனுசனின் முகம் விழுந்துபோயிற்று.

"அண்டைக்கு என்னட்டை வேலைக்கு ஒரு இடம் இருந்தது. அவவின்ரை மெசேஜைப் பார்த்த உடனையே மனதிலை வைச்சிட்டன். கேப்பா, கேப்பா எண்டு பார்த்தன். கேக்கேல்லை."

"நீங்களாச் சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"வயிறாறச் சாப்பிட்டிட்டு, வாசலிலை நிண்டு 'வேலை தரட்டோ' எண்டு கேக்கிறதோ? சாப்பாட்டுக்குக் கூலி குடுத்த மாதிரி இருக்காதோ? அதுதான் விட்டிட்டன். பிறகு ஒரு பொடியன் எழுதினான். முன்பின் தெரியாத பொடியன். கோப்பிக் கடையிலை சந்திச்சம். இருந்த உடனையே கேட்டான், வேலை இருக்கோ எண்டு. அவனுக்கே அந்த இடத்தைக் குடுத்திட்டன். கோப்பிக்கும் நான்தான் காசு குடுத்தன்."

அந்தச் சச்சியைப் பிடித்து உலுப்பவேண்டும்போல் இருந்தது எனக்கு. மரியாதை பார்த்துப் பார்த்து அவனும் அகஸ்ரின் அண்ணையுமாய் அவளுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள். அவர்கள் என்ன, அவளும் சேர்ந்துதானே போட்டாள். நல்ல மனங்கள்தான், யாரைக் குறை சொல்ல? அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அவளிடம் சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். வேறு யாரும் சொல்லி அவள் கேட்பதைவிட நான் சொல்வது மேல் என்று போனேன். வேலைக்கு வெளிக்கிட்டு, பஸ்சுக்குப் போக நின்றாள். நான் சொன்ன எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

"அந்தப் பொடியன் நல்லாக் கீறுறானாமோ?"

"ஓம் எண்டுதான் சொன்னார்."

கதவைத் திறந்தவள் வெளியே போகாமல், பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் கேட்டு, அவர் இல்லையெண்டு சொல்லியிருந்தா மறந்திருப்பன் அக்கா."