மாமியின் பன்னிரண்டு பெடியள்

என் மாமாவுக்கு ஜேர்மனியில் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஏழு வயதில் நான் நம்பியிருந்தேன். யாரும் எனக்குப் பொய் சொல்லவில்லை. எல்லாம் மாமாவின் வாயால் வந்த வினை. ஜேர்மன் எல்லைக்கு வடக்கே, கோல்டிங் நகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "எங்கட பெடியள் நேற்று வெண்டிட்டாங்கள்" என்றுதான் தொடங்குவார். தோற்றிருந்தால் ஒன்றும் பேசாமல் போய்க் கதிரையில் இருந்துவிடுவார். பின்னால் வரும் மாமிதான், "பெடியள் தோத்திட்டாங்கள், அதுதான் மூஞ்சை இப்பிடி" என்று அம்மாவின் காதுக்குள் சொல்வார்.

மாமா அம்மாவின் தமையன். எல்லைக்கு அப்பால் ஒரு சின்ன ஜேர்மன் நகரத்தில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. பெடியள் என்று அவர் சொன்னது அந்த ஊர்க் கூடைப்பந்துக் கழகத்தை. இது எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

அந்தக் கழகத்தின் வரலாற்றை மாமா கோயில் தலவரலாறு சொல்வதுபோல் சொல்வார். தொடக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபமும் கொஞ்சம் நெட்டைப் பெடியளும்தானாம். மழை பெய்தால் கூரை ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு, வாளியைச் சுற்றிச் சுற்றி ஓடி விளையாடுவார்களாம். அப்படி ஓடித்தான் எங்கட பெடியளுக்கு அந்த வளைகிற கால் வந்தது என்பது மாமாவின் கட்சி. பிறகு ஒவ்வொரு பிரிவாக ஏறி முதலாம் பிரிவுக்கு வந்தார்கள். வந்த களைப்பு ஆறுவதற்குள் திரும்ப இறங்கினார்கள். கழகத்தைப் பூட்டப் போகிறார்கள் என்று கதை வந்தபோது ஊரே திரண்டு சீசன் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கியதாம். வாங்கியவர்களில் மாமாவும் ஒருவர். அப்போது அவருக்கு அங்கே இருக்க விசாவே உறுதியில்லை. பெடியள் திரும்ப ஏறினார்கள். ஏறியதோடு நிற்கவில்லை. யாரும் எதிர்பாராத ஒரு வருடம் தேசியக் கிண்ணத்தைத் தூக்கினார்கள், பிறகு நாட்டுக்கே சம்பியன் ஆனார்கள், ஐரோப்பா முழுக்கப் போய் விளையாடினார்கள். பெரிய நகரத்துப் பணக்காரக் கழகங்கள் அந்தச் சின்ன மண்டபத்துக்குள் வந்து மண் கவ்விய கதை வரும்போது மாமா கதிரையை விட்டு எழுந்துவிடுவார். "விழுறது ஒரு காரியமில்லைப் பிள்ளை. எங்கட பெடியள் விழுந்து எழும்பினவங்கள்!" என்பார். இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரப் பெடியள்தான்.

என் நம்பிக்கைக்கு இன்னொரு காரணம் அந்தப் படம். எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் டிவிக்கு மேலே பிள்ளைகளின் படம் தொங்கும். மாமா வீட்டில் அதே இடத்தில் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் பன்னிரண்டு பெடியளும் நடுவில் பட்டுச்சேலையோடு மாமியும் நின்றார்கள். கிண்ணம் வென்ற வருடம் மாமி அவர்களுக்கு மீன் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனபோது எடுத்ததாம். பக்கத்தில் நின்றவனின் நெஞ்சுக்குத்தான் மாமியின் தலை எட்டியது. அதைத் துடைக்கும்போதெல்லாம் மாமி ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுச் சொல்வார். இவன் சாப்பாட்டில் விண்ணன். இவனுக்கு முழங்கால் நோ, பாவம். பின்வரிசையில் காது பெரிதாக நிற்கிறானே, இவனுக்கு உறைப்பு ஆகாது. பெற்றவளைத் தவிர வேறு யார் இப்படிக் கதைப்பார்கள்?

ஒருவன் கறுப்பு, ஒருவன் வெள்ளை, ஒருவனுக்குச் செம்பட்டை முடி. அதுவும் எனக்குப் புதினமாகப் படவில்லை. எங்கள் குடும்பத்திலும் அக்கா அம்மாவைப்போல வெள்ளை, நான் அப்பாவைப்போல கறுப்பு என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்கள்!

மாமாவின் பிள்ளைகள் எனக்கு மச்சான்மார் என்பதும், மச்சானைத்தான் கட்டுகிறது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். பெரியவர்கள் பகிடிக்குச் சொல்வதை நான் சட்டமாக எடுத்திருந்தேன். பன்னிரண்டு பேரையும் வடிவாகப் பார்த்து, காது பெரிதானவரை எனக்கென்று மனதுக்குள் ஒதுக்கியும் வைத்திருந்தேன்.

அந்த வருடம் அக்கா பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியவீடு வந்தது. அப்பா கோல்டிங்கில் ஒரு விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். மணவறை சோடித்தவர் கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே அதை நிறுத்திவிட்டதால், அக்காவின் தலைக்கு மேலே வலை தொங்கியது. மாமாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "ராசியான இடம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் மேலே காட்டிக்கொண்டு நின்றார்.

தாய்மாமனாகத் தண்ணீர் வார்க்கிற வேலையை அவர் காலையிலேயே முடித்திருந்தார். அடுத்தது ஆலாத்தி. பெண்கள் இரண்டிரண்டு பேராகப் போய், வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிகிற தட்டைப் பிடித்து அக்காவுக்குச் சுற்ற வேண்டும். யார் யார் போவது என்று லண்டனிலிருந்து வந்த பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பத்தில் மூத்தவர். அவர் சொல்லை யாரும் தட்டியதில்லை.

மாமியின் முறை வந்தபோது பெரியம்மா தட்டைக் கொடுக்கவில்லை. "அவள் வேண்டாம். பிள்ளை பெத்ததுகள் எடுக்கட்டும். நல்ல காரியமெல்லே" என்று அம்மாவிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் விளையாட்டு மண்டபத்தில் மெதுவாகச் சொன்னதும் எதிரொலிக்கும். மாமி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பக்கத்து மேசையில் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார். மாமா நிலத்தைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றா இரண்டா, பன்னிரண்டு பெற்றவள்! பெரியம்மாவுக்கு மூன்றுதான்.

"மாமிக்குப் பன்னிரண்டு பெடியள் இருக்கினம்!" என்று கத்தினேன். "நான் போட்டோ பாத்தனான்! இண்டைக்கு மட்ச், அதுதான் வரேல்லை!"

"என்ன உளறுது இந்தப் பெட்டை?" என்றார் பெரியம்மா.

"உளறேல்லை! அவை விழுந்து எழும்பினவை! கிண்ணம் எடுத்தவை!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், நேரே போய்ப் பெரியம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கினார்.

"கேட்டியளே அக்கா? பன்னிரண்டு பெத்தவள் எடுக்காமல் வேற ஆர் எடுக்கிறது?"

மாமியின் கையில் தட்டைக் கொடுத்துவிட்டு, மற்றப் பக்கம் பிடிக்க அம்மாவே போய் நின்றார். தாய் எடுக்கிறதில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். அம்மா அதைக் காதில் விழுத்தவில்லை. இரண்டு பேரும் சுற்றினார்கள். திரிகள் நடுங்கின. மாமா தலையை நிமிர்த்தி, வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பந்து இன்னும் உள்ளே விழாததுபோல.

ஆலாத்தி முடிந்ததும் மாமி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என் தோள் நனைந்தது. தூரத்தில் இருக்கிற பிள்ளைகளை நினைத்து அழுகிறார், பாவம் என்று நினைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"அழாதேங்கோ மாமி. நான் பெரியாளானதும் அதில ஒராளைக் கட்டிக்கொண்டு வந்து உங்களோடயே இருக்கிறன்."

மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆரை?"

"காது பெரிசானவரை."

மாமி என் நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டார். பிறகு, "அவனுக்கு உறைப்பு ஆகாதே பிள்ளை" என்றார்.

"பரவாயில்லை. உறைப்புக் குறைச்சுக் காய்ச்சிறன்."

அதற்குத்தான் மாமி முன்னையைவிடக் கூடுதலாக அழுதார். உறைப்பில்லாத கறிக்கு ஏன் இவ்வளவு அழுகை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.