ஆயில் மாற்ற வந்தவள்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. நான் பார்த்தது மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு, வெயில் சுள்ளென்று அடிக்கும்போது. போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. குடித்திருந்தாயா என்று எவனாவது கேட்டால் செவிட்டில் விடுவேன். அன்றைக்கு நான் டீ கூடக் குடிக்கவில்லை.

என் பெயர் ரத்தினம். ஒரகடத்தில் ஒரு எஞ்சின் கம்பெனியில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் இருந்தேன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் பழைய கார் விற்கும் ஜோயலிடம் வண்டி செக் பண்ணுகிற வேலை. சத்தத்தைக் கேட்டே எஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஆனி மாதம் ஒரு வெள்ளை டீசல் கார் வந்தது. ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. யாரும் ஊற்றாமல் எப்படி ஏறும்? டீசல் கலந்தால் ஏறும். பேப்பரில் ஒரு சொட்டு விட்டேன்; கறுப்புப் பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் பரவியது. முகர்ந்தால் பெட்ரோல் பங்க் வாசனை. இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக் கரியை எரிக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. வண்டி நீளமாக ஓடினால்தான் அது எரிந்து முடியும். வீட்டுக்கும் கடைக்குமே ஓட்டிக்கொண்டிருந்தால், எரிப்பதற்காகப் பீய்ச்சிய டீசல் வழிந்து ஆயிலில் இறங்கும். ஆயில் தண்ணியாகிவிடும். பேரிங் தேயும். ஒருநாள் நடுரோட்டில் எஞ்சின் கப்பென்று பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

ஜோயலிடம் சொன்னேன். "லெவல இறக்கிட்டு, கெட்டி ஆயில் ரெண்டு டப்பா ஊத்துண்ணா. சத்தம் அடங்கிடும்" என்றான். ஊற்றினேன்.

அதை வாங்க வந்தவள் கவிப்பிரியா. வல்லக்கோட்டைப் பக்கம் வீடு. செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. புருஷன் பகலவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிடுகிறாராம். அதற்காகவே டிரைவிங் கற்றுக்கொண்டிருந்தாள்.

"வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. நீங்க சொன்னா எடுக்கறேன். நடுவழில நின்னுடாதில்ல?"

"தைரியமா எடும்மா" என்றேன். பாவி நான். அந்த நாக்கு அன்றைக்கே அழுகிப் போயிருக்கக் கூடாதா!

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு போன் வந்து ஜோயல் அவசரமாகக் கிளம்பினான். எங்கே என்று சொல்லவில்லை. யார்டில் நான் மட்டும்.

2.40. தற்செயலாக நிமிர்ந்தேன். ஷெட்டில், சர்வீஸ் குழிக்கு மேல், அந்த வெள்ளைக் கார் நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. யார்டு முழுக்க ஜல்லி. சைக்கிள் வந்தாலே நறநறக்கும். நாலு இண்டிகேட்டரும் எரிந்து எரிந்து அணைந்தன. டிக்... டிக்... டிக்...

ஸ்டியரிங்கில் கவிப்பிரியா. கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு. இறங்கவில்லை. பின்னால் பார்க்கிற கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"வண்டி ஒரு மாதிரி கீதுண்ணா. ஆயில் பாருங்க. அவரு ஆஸ்பத்திரில காத்துக்கினு கீறாரு."

கேஜை உருவினேன். மறுபடியும் ஏறியிருந்தது. கம்பியிலிருந்து தண்ணியாக ஒழுகியது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "தப்பு பண்ணிட்டேம்மா. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்." சொல்லும்போதே உடைந்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், கையெல்லாம் ஆயிலோடு, தேம்பித் தேம்பி அழுதேன்.

அவள் திட்டவில்லை. "இப்பயாவது சரியா பாத்துக் குடுங்கண்ணா" என்றாள்.

குழியில் இறங்கி, தட்டை அடியில் வைத்து, ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் கையில் கொட்டியது. ஜில்லென்று இருந்தது. ஓடி வந்த வண்டியின் ஆயில் கையைச் சுட்டிருக்க வேண்டும்.

கழுத்தில் என்னவோ பொடிப்பொடியாக விழுந்தது. தடவிப் பார்த்தேன். கண்ணாடித் தூள்...

"பின்னால லாரி வருதா பாருங்கண்ணா."

எட்டிப் பார்த்தேன். பின்னால் வெறும் சுவர்.

"இல்லம்மா."

டிக்... டிக்...

"நல்லா பாருங்கண்ணா. வருது."

புது ஆயில் ஃபில்டர் போட்டேன். புது ஆயில் ஊற்றினேன்.

"ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினாள். பானெட்டில் கையை வைத்தேன்.

அதிர்வே இல்லை...

3.20. கை துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினேன்.

மறுபடி பார்த்தேன்.

குழிக்கு மேல் ஒன்றுமே இல்லை.

ஜோயல் திரும்பி வந்தபோது 4.05. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அந்த வெள்ள வண்டிண்ணா... ஆர்சில இன்னும் பேரு மாத்தல. அதான் போலீஸ் பழைய ஓனருக்கு போன் அடிச்சி, அவரு என் நம்பரக் குடுத்துட்டாரு. காலைல பதினொண்ணு பத்துக்கு எஞ்சின் பிடிச்சி நடுரோட்ல நின்னுட்ச்சி. பின்னால வந்த டிரெய்லர் ஏத்திட்டான். அந்தப் பொண்ணு ஸ்பாட்லயே..."

"இப்பதானே இங்கேர்ந்து போனா" என்றேன்.

அவன் குழியை எட்டிப் பார்த்தான். தட்டு நிறையக் கறுப்பு ஆயில். டீசல் நாற்றம்.

"யாரு வண்டிதுண்ணா இது?"

நான் குழியில் இறங்கித் தட்டை எடுத்து மேலே வைத்தேன்.

"வூட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது. அவ போனு நசுங்கித் தூளாய்ட்ச்சி. நாந்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினாறாம் நாள் வல்லக்கோட்டைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பகலவன் வீங்கிய காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்கதானா அது! அன்னிக்கு கவி போன் பண்ணாண்ணா. ரத்தினம் அண்ணன் ஆயில் மாத்திக் குடுத்துட்டாரு, இனிமே பயமில்ல, வந்துக்கினே கீறேன்னா."

போனை என்னிடம் நீட்டினார். கவி. மத்தியானம் 3.25. ஒரு நிமிஷம் நாற்பது செகண்டு.

"அவ காலைலயே போய்ட்டான்றாங்க எல்லாரும். எனக்கு ஒண்ணும் புரில. உங்ககிட்ட கோச்சிக்கக் கூடாதுன்னுகூடச் சொன்னா. நீங்க ரொம்ப அழுதீங்களாமே..."

என் முகத்தையே பார்த்தார்.

"எதுக்குண்ணா அழுதீங்க?"