மேல்பக்கம் அறுத்த பாய்மரம்

பலகை டாக்டர் என்றால் அந்த ஏரிக்கரையில் தெரியாதவர் கிடையாது. பலகையில் பாயைக் கட்டிக் காற்றோடு பறக்கிற விண்ட்சர்ஃபிங் பைத்தியங்கள் எதை உடைத்தாலும் நேரே அவருடைய தகரக் கொட்டகைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருபது வருடத்தில் அவர் செய்த வேலை தப்பு என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவரே நாளுக்கு நாலு தடவை சொல்வார்.

சாயங்காலம் கொட்டகையைச் சாத்திவிட்டுத் தன் பலகையோடு தண்ணீரில் இறங்கினார் என்றால் கரையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பார்க்கிறார்களா என்று அவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.

அந்தச் சவாரிக்குத்தான் கண் பட்டது. பாசி பிடித்த சரிவில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அரை வருஷம் பலகைப் பக்கமே போகக்கூடாது என்று நிஜ டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்கள் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி பிரேமை வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. நாற்பத்திமூன்று வயது வரை தண்ணீரில் கணுக்கால் நனைத்ததோடு சரி. அவள்தான் ஒரு நாள் கேட்டாள்: "பலகை சும்மாதானே கெடக்கு, நான் எடுத்துப் பாக்கட்டுமாங்க?"

"தாராளமா!" என்றார். நாலு முழுக்கு போட்டால் புத்தி தெளிந்து வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது அவர் கணக்கு.

முதல் நாள் முப்பத்தொரு தடவை விழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டில் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுவாரம் பத்தொன்பது. அதற்கடுத்த வாரம் எட்டு. எட்டுக்கு வந்தபோதே சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் அக்கரை வரை போய், திரும்பி, தலைமுடி நனையாமலே வந்து இறங்கினாள். கரையில் கைதட்டினார்கள். அவரும் தட்டினார், தட்டாமல் இருக்க முடியுமா?

அதற்குப் பெயர் பொறாமைதான். கவலை, அக்கறை, முட்டிவலி என்று வேறு நல்ல பெயர்களாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. கட்டின பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிற ஆளைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று தெரியும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். புதிதாக வந்த ஒருவர், "நீங்கதான் அந்த அம்மாவோட வீட்டுக்காரரா?" என்று கேட்ட அன்று கொட்டகையை மத்தியானமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இதில் இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு. முட்டி சரியாகி ஒரு மாதம் ஆகிவிட்டது. இறங்கினால் அவளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களே என்று நொண்டிக்கொண்டே திரிந்தார்.

காற்று பலமாக அடிக்கிற மாதங்கள் வந்தன. அவருடைய பெரிய பாய் அவளைத் தூக்கி எறிந்தது. யாரோ விட்டுப்போன சின்னப் பாய் ஒன்றை அவள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். தலைப்பக்கம் தைத்து மூடிய பாய், மரத்தின் நுனி வெளியே நீட்டிக்கொள்ள வழியில்லை. அவருடைய பாய்மரமோ அதற்கு இரண்டு சாண் அதிக நீளம். பேருக்குத்தான் மரம், உள்ளே வெறும் கார்பன் குழாய். கீழ்த்துண்டு மேல்துண்டு என்று இரண்டாக வரும், நடுவில் செருகிக்கொள்ள வேண்டும்.

"ரெண்டு சாண் அறுத்துத் தர்றீங்களா? உங்களைத் தவிர யார்கிட்டயும் குடுக்க மனசு வரலை" என்றாள்.

அவருடைய பாய்மரம்! இனி இவன் இறங்கப்போவதில்லை என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டதாக அவருக்குப் பட்டது. "வெச்சிட்டுப் போ" என்றார்.

பாய்மரத்தை அடியில்தான் அறுக்க வேண்டும். அடி, மணிக்கட்டுத் தடிமன். அங்கே இரண்டு சாண் போனால் வளைவு கெடாது. நுனி பெருவிரல் தடிமன். காற்று குப்பென்று மோதும்போது அந்த நுனிதான் வளைந்து கொடுத்து ஆளைக் காப்பாற்றும். நுனியை அறுத்தால் பாய்மரம் விறைத்துக்கொள்ளும், ஒவ்வொரு வீச்சுக்கும் ஆளைத் தண்ணீரில் தள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

கீழ்த்துண்டில் அளந்து, காகித டேப் சுற்றி, ரம்பத்தை வைத்தார். வெளியே யாரோ இருவர், "அந்த அம்மாவுக்குச் சின்னப் பாய் மட்டும் வரட்டும், அப்புறம் பாரு" என்று பேசிக்கொண்டு போனார்கள். ரம்பத்தை எடுத்தார். டேப்பை உரித்தார். மேல்துண்டை இழுத்துப் பிடிப்பானில் வைத்து இறுக்கி, நுனியிலிருந்து இரண்டு சாண் தள்ளி அறுத்தார். கறுப்புத் தூசி முழங்கை வரை ஏறியது. வெட்டுவாயை எவ்வளவு அழகாகத் தேய்த்தார் என்கிறீர்கள்! கெடுக்கிற வேலையைக்கூட அவருக்கு அரைகுறையாகச் செய்ய வரவில்லை.

தூசியைத் துடைப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். கையில் துணி சுற்றிய ஒரு பொருள். அவிழ்த்தால் அலுமினியக் குழாய், பாய்மரத்தின் அடியில் செருகி நீளத்தைக் கூட்டுகிற குழாய்.

"கடைக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன், இன்னிக்குத்தான் வந்துச்சு. எனக்குன்னா அப்படியே கட்டிக்கலாம். உங்க பெரிய பாய்க்குன்னா இதைச் செருகினா பழைய நீளம் வந்துடுமாம். அடியில அறுத்தாத்தான் சரியா வருமாம். எங்க வீட்டுக்காரருக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்."

இப்படி ஒரு குழாய் இருப்பது அவருக்குத் தெரியாததில்லை. தனக்காக அவள் வாங்கி வருவாள் என்பதுதான் தோன்றவில்லை.

அவள் கண் தரைக்குப் போனது. அங்கே கிடந்த துண்டு பெருவிரல் தடிமன். நாள் முழுக்க அரை மில்லிமீட்டர் கோணலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அது போதாதா?

"இது நுனியாச்சே?"

"தவறிப்போச்சு" என்றார்.

"அதனால என்னங்க, வயசானா யாருக்கும் கை தவறத்தானே செய்யும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அவர் தோளைத் தட்டினாள்.

அந்தத் தட்டலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இருபது வருடத்தில் தப்பாத கை.

"தவறலை. தெரிஞ்சேதான் அறுத்தேன்" என்றார். "நீ விழாம வந்தியே, அன்னிலேருந்து எனக்கு வயித்தெரிச்சல். அதுக்கு முன்னாடி நீ விழறதை ஒண்ணு விடாம எண்ணிக்கிட்டிருந்தேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பாய்மரத்தைச் செருகினாள், சின்னப் பாயைக் கட்டினாள், பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் நாற்காலிப் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றார். பழக்கதோஷம், மனசு தானாக எண்ணியது. பதினேழு. இந்தத் தடவை ஒவ்வொன்றும் அவர் கணக்கில் ஏறியது. கைதட்டினவர்கள் எல்லாம், "இன்னிக்கு அம்மாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

சொட்டச் சொட்ட வந்து பலகையை மணலில் போட்டாள். சின்னப் பாயை அவிழ்த்தாள். அலுமினியக் குழாயை அடியில் செருகி அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க பாயைக் கட்டுங்க."

"முட்டி..."

"நீங்க கைப்பிடி பிடிக்காம மாடி ஏற ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எனக்குத் தெரியாதா?"

அவர் பாயை எடுத்து வந்து கட்டினார். விறைத்த பாய்மரம் அவருக்கு மட்டும் வளைந்து கொடுக்குமா? இழுத்துக் கட்டும்போதே கையில் தெரிந்தது.

அதற்குள் அவள் ஈரத்தோடு போய் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"ம், போங்க" என்றாள். "நான் எண்ணுறேன்."