ஒருவழித் தெருவில் இரண்டு மிதிவண்டிகள்

பகல் 12.40. நெல்லைப் புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பேருந்து ஏறினேன். விக்கிரமசிங்கபுரத்திற்குக் கட்டணம் முப்பத்தெட்டு ரூபாய். தொலைவு ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். சேரன்மகாதேவியைக் கடந்ததும் நடவு முடிந்த வயல்களின் ஈரக்காற்று முகத்தில் பட்டது.

2.35. விக்கிரமசிங்கபுரம் ஆலைக்கு அருகே, செல்லம்மாள் என்னும் அம்மையாரின் கடையில் தேநீர் அருந்தினேன். பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தாராளம். அப்போது ரோந்துக் காவலர் ஒருவர் ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் மிதிவண்டி ஓட்டிவந்து, தமக்கும் ஒரு தேநீர் கேட்டார். அதே திசையில் விரைந்து வந்த இசக்கிமுத்து என்ற ஆலைத் தொழிலாளியைக் கைகாட்டி நிறுத்தினார்.

“ஒருவழின்னு போர்டு வச்சிருக்கு, கண்ணு தெரியலயாவே?”

“ரெண்டு வருசம் அலைஞ்சு கெடச்ச வேலை சார். இன்னைக்கு மொத நாளு. மூணு மணிச் சங்குக்கு முன்ன உள்ள போவணும்.”

காவலர் அவர் வண்டியின் வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கினார். ரசீதும் வழக்கும் இல்லாத பழைய நாள் தண்டனை. இசக்கிமுத்து தட்டையான சக்கரத்தையே பார்த்து நின்றார்.

“ஏய்யா, நீயும் அந்தப் பக்கமாத்தான வந்தே? ஒனக்கு எவம்ய்யா காத்த எறக்குவான்?” என்றார் செல்லம்மாள்.

“நான் டூட்டில இருக்கேன் அத்தை.”

“எங் கடை டீ குடிக்கதும் டூட்டியாய்யா?”

கடை சிரித்தது. திருடனைத் துரத்தி வந்திருந்தால் நாங்களே வழிவிட்டிருப்போம். காவலர் தேநீரை வைத்துவிட்டுத் தம் மிதிவண்டியை நகர்த்தினார்.

“இந்தாரும், எம் வண்டிய எடும். வாய்க்கால் பக்கமா சுத்திப் போம்வே.”

“போலீசு வண்டில போனா மொத நாளே என்ன நெனைப்பாவ சார்?”

“களவாண்டதுன்னு நெனைக்க மாட்டாவ. வெரசா போம்.”

காற்றிழந்த வண்டியைக் காவலர் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் உடன் நடந்தேன். தெருமுனைப் பஞ்சர் கடையை அடைந்தபோது சங்கு ஒலித்தது. எதிரே ஆலைக் கதவு மூடிக்கொண்டிருந்தது. அதன் இடுக்கில், உள்ளே சாய்த்து நிறுத்திய காவலரின் மிதிவண்டி தெரிந்தது. அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, அவசரம்னா நான் எதுக்கத்தான் வருவேன். அத விட முடியாது.”

“சரி, டீக்கு?”

“டீக்குச் சுத்தித்தான் வரணும்” என்று சிரித்தார்.

5.10. திரும்பும் பேருந்தில் எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. பாளையங்கோட்டையில் நாள்தோறும் நாளிதழ் வாங்க நானும் ஒருவழித் தெருவில் எதிராகவே மிதிக்கிறேன். காவலர் கண்டால் “பையப் போங்க அண்ணாச்சி” என்பார். அதை என் வயதுக்குரிய உரிமை என்றே எண்ணியிருந்தேன்.

மறுநாள் காலை அந்தத் தெருவைத் தவிர்த்துக் கோயிலைச் சுற்றிச் சென்றேன். நான்கு நிமிடம் கூடுதலாயிற்று. நாளிதழில் எந்தச் செய்தியும் ஆறிப்போயிருக்கவில்லை.