எட்டுப் பேர் சேர்ந்து தொடக்கி வைத்த கிளஸ்டர்

வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகக் கட்டடம் முழுவதிலும் ஒரு நாள் மின்சாரம் நின்றுபோனது. என் கைராசிதான் காரணம் என்று முதலாளி இன்றைக்கும் நம்புகிறார்.

அப்போது நான் தற்காலிக ஊழியை. ஒருகொடவத்தைச் சரக்கு யார்டுகளில் எந்தக் கொள்கலனை முதலில் எடுப்பது என்று கணித்துச் சொல்வது நிறுவனத்தின் தொழில். ஒரு சேர்வர் கணினிக்கு அது முழுநாள் வேலை. எட்டு சேர்வர்களை இணைத்துப் பங்குபோட்டால் சீக்கிரம் முடியும். அதுதான் கிளஸ்டர். ஒன்று மாஸ்டர், மற்ற ஏழும் அது சொன்னபடி செய்யும். மூன்று மாதம் மண்டையை உடைத்து அமைத்தேன். திறப்பு விழா நல்லபடி நடந்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

விழாவுக்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, சுபநேரம் பத்து நாற்பத்திரண்டு. எட்டுப் பகுதித் தலைவர்மாரும் ஆளுக்கொரு மெசினை ஒண்டா ஒன் பண்ணுவினம்."

"சேர், முதல் மாஸ்டர், பிறகு மற்றதுகள் ஒண்டொண்டாப் போடவேணும். எல்லாம் ஒண்டாப் போட்டா பிரேக்கர் தாங்காது."

"அப்ப முதல் ஆர் போடுறது? எக்கவுண்ட்ஸ் போட்டா சேல்ஸ் கோவிக்கும். நேரமும் தப்பும். நீர் மெசினைப் பாரும், மனுசரை நான் பாக்கிறன்."

ஐயர் மணி அடித்தார், பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், பிக்கு நூல் கட்டினார். தீர்த்தம் படாமல் சேர்வர்களுக்குப் பொலித்தீன் போர்த்தியது நான். பத்து நாற்பத்திரண்டுக்கு எட்டு விரல்கள் அழுத்தின. அலங்கார விளக்கு, ஏசி, எல்லாவற்றின் சுமையும் சேர்ந்து மெயின் பிரேக்கர் விழுந்தது, கட்டடமே இருண்டது. விழாவுக்கு வந்துகொண்டிருந்த பெரிய வாடிக்கையாளர் லிப்டில் அகப்பட்டுக்கொண்டார்.

"உம்மட கைராசி சரியில்லை பிள்ளை," என்றார் முதலாளி. நிரந்தரப் பேச்சும் அத்தோடு போனது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

பிரேக்கரைத் தூக்கிவிட வந்த எலக்ட்ரீசியன் சுனில் சிங்களத்தில் கேட்டார்: "ஒக்கோம எக்கபாரட தெம்மத, நங்கி?" எல்லாவற்றையும் ஒரேயடியாகவா போட்டீர்கள் தங்கச்சி என்று. அந்தக் கட்டடத்தில் அன்று அதைக் கேட்ட ஒரே ஆள் அவர். பிறகு நான் தனியே, ராகு காலத்தில், ஒவ்வொன்றாகப் போட்டேன். கிளஸ்டர் அருமையாக ஓடியது. பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

அடுத்த வருடம் நுகேகொடைக் கிளைக்கு இன்னொரு கிளஸ்டர். அதே எட்டுப் பேர், இன்னொரு சுபநேரம். இந்த முறை நான் விளக்கம் சொல்லவில்லை. "ஓம் சேர்" என்றேன். முதல்நாளே சேர்வர்களை வரிசைப்படி ஓடவிட்டேன். மேசையில் எட்டுச் சிவப்புப் பொத்தான்கள் வைத்தேன். அவற்றின் வயர்கள் எட்டுச் சின்ன பல்புகளுக்குப் போயின, வேறெங்கும் போகவில்லை.

நேரத்துக்கு அழுத்தினார்கள். பல்புகள் எரிந்தன. கைதட்டல் ஓய நேரமெடுத்தது.

"பாத்தீரே, முறைப்படி செய்தா ஓடும்," என்றார் முதலாளி. அன்றே என்னை நிரந்தரமாக்கினார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: மாஸ்டரை முதலில் போடுங்கள், மற்றவற்றை ஆறுதலாகப் போடுங்கள். மூன்று மாத உழைப்புக்குக் கிடைக்காத வேலை எனக்கு எட்டு பல்புகளுக்குக் கிடைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன்.