கையில் கட்டிய எண்

மாலை 5.42.

நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. கைப்பேசி அடித்தது. திரையைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். 2025 ஜனவரி 16, காணும் பொங்கல், மெரினா. நான் கதை கட்டுகிறவன் இல்லை. திருமழிசையில் ஒரு பட்டறையில் எட்டு வருடமாக பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். கண்ணை எடுத்தால் விரல் போய்விடும் வேலை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது குத்தம்பாக்கம். கடலுக்கு முப்பது கிலோமீட்டர். வருடத்தில் ஒரு நாள் போவோம், மதியமே திரும்பிவிடுவோம். அந்த வருடம் பட்டறையில் வேன் பிடித்தார்கள். மாலை ஆறரை வரை இருக்கலாம் என்றார்கள். சூரியன் கடலில் விழுவதைக் காட்டுகிறேன் என்று என் மகள் காவ்யாவிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு ஆறு வயது. மூன்று மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள். சூரியன் அங்கேதான் விழும் என்று நானும் நம்பியிருந்தேன்.

ஐந்தரைக்குத்தான் புரிந்தது. சூரியன் எங்கள் முதுகுப் பக்கம், கட்டடங்களுக்கு மேலே இருந்தது. நாங்கள் கிளம்பி வந்த திசையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அது நம்ம ஊட்டாண்ட உழுது," என்றாள் என் மனைவி ரேவதி. "மொட்ட மாடில நின்னே காட்டிருக்கலாம். இதுக்கு இன்னாத்துக்கு வேனு?"

காவ்யா அழவில்லை. அழுதிருக்கலாம். எங்கள் நிழல்கள் நீண்டு கடல் பக்கம் கிடந்தன. அவள் அவற்றை மிதித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த அழைப்பு. ஆண் குரல். பின்னால் அலைச் சத்தம்.

"அண்ணாத்தே, உங்க பொண்ணு இங்க தனியா நின்னுகினு கீது. கைல உங்க நம்பர் கட்டிகீது. கலங்கர விளக்கம் பக்கம், பலூன் சுடுற கடையாண்ட வாங்க."

காவ்யா என் முன்னால்தான் நின்றாள். அவள் கையிலும் என் எண் இருந்தது. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க, காவலர்கள் குழந்தைகளுக்குக் கட்டிவிடும் பட்டை.

"என் பொண்ணு எங்கிட்டதான் கீது. நம்பர் தப்பு."

அந்த ஆள் எண்ணைப் படித்தான். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. பத்தும் என்னுடையது.

"எம் பொண்ணு இல்லப்பா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ரேவதி கேட்டுக்கொண்டிருந்தாள். "யார் பெத்த புள்ளையோ. போய்ப் பாத்துட்டு வாய்யா."

"போலீஸ் பாத்துக்கும்."

"நம்மளுது தொலஞ்சா மத்தவனுங்களும் இத்தான் சொல்லுவானுங்க."

நான் நகரவில்லை. வருடத்தில் ஒரு நாள் உட்காருகிறேன். எழ மனமில்லை.

5.51. மறுபடி அடித்தது. இந்த முறை அந்த ஆள் இல்லை. மூச்சு மட்டும்... பிறகு ஒரு சிறுமியின் குரல்.

"நைனா... எப்ப வர்ற?"

எழுந்தேன். காவ்யா என் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

பலூன் கடை இருந்தது. கடைக்காரர் துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டிருந்தார். போன் செய்தீர்களா என்றேன். இல்லை என்றார். தனியாக எந்தக் குழந்தையும் நிற்கவில்லை என்றார்.

காவ்யா விரலை இழுத்தாள். "அதோ."

கடலில் யாரும் இறங்காமலிருக்கக் கட்டியிருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம். ஒரு சிறுமி. ஏழு வயது இருக்கும். மஞ்சள் பாவாடை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கிட்டே போனேன். மணிக்கட்டில் பட்டை இல்லை. வெள்ளைத் துணி நாடா. அதில் பேனாவால் என் எண். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு.

நாடாவிலிருந்து தண்ணீர் சொட்டியது. மை கரையவில்லை.

தடுப்புக் கட்டைகளின் நிழல் கடல் பக்கம். என் நிழல் கடல் பக்கம். காவ்யாவுடையதும்.

அந்தச் சிறுமியுடையது என் காலடியில் கிடந்தது.

அவள் கையை நீட்டினாள்.

"நான் உன் நைனா இல்ல," என்றேன்.

குழந்தையிடம் பேசுகிற குரலில் சொல்லவில்லை.

கை இறங்கியது.

காவ்யாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பத்தடி இருக்கும்...

"நைனா, அந்தக்கா அழுவுது."

திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஈர மணல். ஒரு காலடிகூட இல்லை.

6.02.

வேனில் அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். 5.42 இல்லை. 5.51 இல்லை.

ரேவதியிடம், யாரையும் காணவில்லை என்று சொன்னேன். காவ்யா என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரியில் பட்டறைக்குப் பரந்தாமன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். அயனம்பாக்கத்துக்காரர். என் எண் அவரிடம் இருக்கட்டும் என்று ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். அவர் திரையில் ஏற்கெனவே பதிந்திருந்த ஒரு பெயர் வந்தது. லட்சுமணன் அண்ணன்.

பரந்தாமன் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார்.

"எங்க தெருக்காரரு நம்பரு இது. அவுரு பொண்ணு பவித்ரா. ஆறு வருசம் முன்ன, காணும் பொங்கலன்னிக்கு மெரினால காணாம பூட்ச்சு. கைல நம்பர் எழுதிக் கட்டி உட்டிருந்தாரு. ஒரு வருசம் செல்போன கீழ வெக்கல மனுசன். குளிக்கப் போனாக்கூட வெளிய ஒருத்தர நிக்கவெச்சி கைல குடுத்துட்டுப் போவாரு. அப்பறம் ஊரடங்கு. வேல இல்ல. ரீசார்ஜ் போடல. நம்பரு செத்துப் போச்சு."

2021இல், பூந்தமல்லியில், சாலையோரக் குடையின் கீழ் அந்த சிம்மை வாங்கினேன். இன்னொருவரிடம் இருந்த எண் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரந்தாமனோடு போனேன். ஏரியை ஒட்டிய அடுக்குமாடி ஒன்றில் லட்சுமணன் காவலாளி. பரந்தாமன் வண்டியை நிறுத்தப் போனார். லட்சுமணன் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். பெயரும் எண்ணும் எழுதச் சொன்னார்.

முந்தைய வரிகளில் சில, எழுதத் தெரியாதவர்களுக்காக அவரே எழுதியவை. ஏழு எல்லாவற்றிலும் குறுக்கே கோடு.

என் எண்ணை எழுதினேன்.

அவர் அதைப் பார்த்தார். விரலை வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

விரலை எடுக்காமலே பேசினார். "சூரியன் கடல்லேந்து எந்திரிக்கறத பாக்கணும்னு கேட்டா எம் பொண்ணு. காலைல ஆறரைக்கே கூட்டினு பூட்டேன். அத பாத்துகினு நின்னேன். திரும்பினா புள்ள இல்ல."

காலை. வெயில் கடல் பக்கமிருந்து வரும் நேரம். நிழல் கரைப் பக்கம் விழும் நேரம்.

அவர் பேனாவை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி. இந்த நம்பருக்கு யார்னா போன் பண்ணாங்களா?"