வேர்ஜினியா விட்டுக்கொடுத்த மதியம்

வேர்ஜினியா என்றால் எனக்கு இன்றும் நினைவுக்கு வருவது ஒரு சோற்றுச் சட்டி. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையில், பெரியப்பாவுக்கு முன்னால், அது ஆவி பறக்க இருந்தது. கறிக் கோப்பைகளையும் தண்ணீர்க் குவளைகளையும் மற்ற மாநிலங்களாகச் சுற்றி வைத்திருந்தேன். அப்பாவின் கைக்கருகில் இருந்த ஊறுகாய்ப் போத்தல்தான் மேரிலாண்ட்.

மறுநாள் வரலாற்று வகுப்பில் நான் பேச வேண்டும். பிரித்தானியாவிடமிருந்து பிரிந்த பதின்மூன்று அமெரிக்க மாநிலங்கள் தங்கள் முதல் கூட்டரசை எப்படி அமைத்தன என்பது தலைப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. அதனால்தான் ஞாயிறு மதியச் சாப்பாட்டையே ஒத்திகையாக்கினேன்.

பெரியப்பா ஒவ்வொரு ஞாயிறும் லோறென்ஸ்கூக்கிலிருந்து வருவார். ஆனால் அவரும் அப்பாவும் நேரே கதைத்து இரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் ஆட்கள் கோபித்தால் பேச்சை நிறுத்துவார்கள், போக்குவரத்தை நிறுத்தமாட்டார்கள். “அவருக்கு இன்னும் சோறு வேணுமோ எண்டு கேள்” என்று அப்பா என்னிடம் சொல்வார். “போதுமெண்டு சொல்லு” என்று பெரியப்பாவும் என்னிடமே சொல்வார்.

பிரச்சினை ஊரில் பிரிக்கப்படாமல் கிடந்த காணி. அப்பா, பெரியப்பா, மாமி மூவருக்கும் அதில் பங்கு. இருவரின் தங்கையான மாமி மட்டும் அங்கே, மாரியில் வெள்ளம் நிற்கும் பின்பக்கத்தில், தகரக் கொட்டிலில் இருந்தார். மேடான றோட்டுப் பக்கம் தனக்குத்தான் என்றார் பெரியப்பா. அப்படியானால் பங்கு பிரிக்கும் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார் அப்பா. மாமிக்கு வீடு கட்ட வழியில்லாமல் போயிற்று.

நான் பாடத்தைத் தொடங்கினேன். போர் நடந்துகொண்டிருந்தபோதே மாநிலங்கள் ஒன்றுகூடின. தங்களை ஆண்ட அரசனைப்போல இன்னொரு வலிய அரசு வந்துவிடுமோ என்று பயந்தன. ஆகவே பெரியதோ சிறியதோ, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே வாக்கு என்று வைத்தன.

“இவ்வளவு பெரிய சட்டிக்கும் ஒரு வாக்கு, அந்த ஊறுகாய்க்கும் ஒரு வாக்கோ?” என்றார் பெரியப்பா.

“ஊறுகாய் இல்லாமல் உங்களுக்குச் சோறு இறங்காதே அத்தான்” என்றார் அம்மா.

கூட்டரசு வரி போட முடியாது, மாநிலங்களிடம் காசு கேட்க மட்டும்தான் முடியும் என்றேன். “எங்கடை சங்கம் மாதிரித்தான்” என்று பெரியப்பா சிரித்தார்.

பிறகு மேரிலாண்டுக்கு வந்தேன். பதின்மூன்றும் ஒப்புக்கொண்டால்தான் கூட்டரசு முழுமையாகும். பன்னிரண்டு ஒப்புக்கொண்டன, மேரிலாண்ட் மாட்டேன் என்றது. வேர்ஜினியா போன்றவை மேற்கே கிடந்த பெரும் காணிகளுக்கு உரிமை கேட்டன. எல்லாரும் சேர்ந்து சண்டை பிடித்து மீட்கும் காணி எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது மேரிலாண்டின் நியாயம். சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கரண்டி அப்படியே நின்றது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்துச் சொன்னார். “வேர்ஜினியா காணியை விடட்டும். மேரிலாண்ட் கையெழுத்து வைக்கும்.”

“வேலி போட்டது வேர்ஜினியா. கிணறு வெட்டினதும் வேர்ஜினியா” என்றார் பெரியப்பா.

“மேரிலாண்ட் இல்லையெண்டு சொல்லேல்லை.”

“அந்தக் காசுக்கு வடக்கை ஹம்மர்பெஸ்ட் குளிருக்குள்ளை நிண்டு மீன் வெட்டினது ஆர்?”

“வேர்ஜினியாதான். மேரிலாண்டை இஞ்சை கூப்பிட்டதும் வேர்ஜினியாதான். அது மறக்கேல்லை அண்ணை. மேரிலாண்ட் தனக்குக் கேக்கேல்லை. தங்கச்சிக்குக் கேக்குது.”

‘அண்ணை’ என்ற சொல் அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்டது. பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“பிறகு வேர்ஜினியா என்ன செய்தது, பிள்ளை?”

“விட்டுக்குடுக்க ஒத்துக்கொண்டது, பெரியப்பா. மேரிலாண்டும் கையெழுத்து வைச்சது.”

“விட்டதாலை சின்னனாப் போச்சோ?”

“இல்லை. அதுக்குப் பிறகும் அதுதான் பெரிய மாநிலம்.”

அவர் மிச்சச் சோற்றை முழுவதும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, துவாயால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “தம்பி, தங்கச்சிக்குப் போன் எடு. றோட்டுப் பக்கத்தை அவள் எடுக்கட்டும்.”

இப்போது நான் ஒஸ்லோவில் வரலாறு படிப்பிக்கிறேன். அந்தக் கூட்டரசு பலமில்லாதது, சில வருடங்களில் அதன் இடத்தில் வேறொன்றை அமைக்க வேண்டியிருந்தது என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். அது உண்மைதான். வேர்ஜினியா காணியைக் கைவிட்டது என்பது பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி. மாணவர்கள் அதை ஒரு மூச்சில் கடந்துவிடுவார்கள். என்னால் முடிவதில்லை. கட்டாயப்படுத்த யாருமில்லாத ஒருவர் தன்னுடையது என்று நம்பியதை விடும்போது முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அது பெருந்தன்மையான முகமாக இருக்கவில்லை, களைத்த முகமாகத்தான் இருந்தது.

மாமி அந்த மேட்டில் கல்வீடு கட்டி, முன் அறையைப் பெரியப்பாவுக்கென்று விட்டிருக்கிறார். இந்த வருடம் முதல் தடவையாக அவர் போய் அங்கே தங்கினார். இரண்டாம் நாளே அப்பாவுக்கு நேரே போன் எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் குரல் கேட்டது.

“தம்பி, விடிய விடிய பஸ் சத்தம். ஒரு கண் நித்திரை இல்லை. நல்ல காலம், இந்தப் பக்கத்தை நான் எடுக்கேல்லை.”